கரண்ட் வந்த பிறகு எடுத்த முதல் படம்

புத்தளம் டவுனில் நாங்கள் ஸ்டூடியோ நடத்திய காலத்தில், பெண்களுக்கென்று திரை போட்ட தனி அறை வைத்திருந்தோம். உள்ளே படம் பிடிப்பதும் அச்சடித்து உறையில் ஒட்டிக் கொடுப்பதும் நான். முன்பக்கம் ஆண்களுக்கு என் கணவர். என் கொம்பியூட்டர் பழசு, இடம் போதாது. அதனால் இரண்டு பக்கப் படங்களும் அச்சாகும்வரை அவருடைய கொம்பியூட்டரில் ஒரே போல்டரில் தங்கும். இரண்டு கொம்பியூட்டரிலும் ஓடும் அதற்கான புரோகிராமை அவரே சி என்ற கணினி மொழியில் எழுதியிருந்தார். பிள்ளையின் படம் அந்நிய ஆண் கண்ணில் படாது என்று நம்பித்தான் தாய்மார் என்னிடம் வந்தார்கள்.

ஒருநாள் பகல் கரண்ட் போய் வந்தது. வந்தவுடன் என் அறையில் கரைத்தீவிலிருந்து ஒரு தாயும் மகளும், பாஸ்போர்ட் படத்துக்கு. முன்பக்கம் வண்ணாத்திவில்லு ஊர்க்காரர் ஒருவர். படம் எடுத்துக் கொஞ்ச நேரத்தில், கைக்கு வந்த அச்சைப் பார்த்து அவர் என் கணவரிடம் கேட்டது காதில் விழுந்தது.

"இதென்ன காக்கா, பொம்புளப் புள்ளேட படம் வந்தீக்கி?"

பாவம், நல்ல மனிதர். சட்டென்று கவிழ்த்து வைத்துவிட்டார். ஆனால் தாய் திரையை விலக்கிப் பார்த்துவிட்டார்.

"என்ட புள்ளேட முகம் கண்டவன்ட கையில! இதுக்கா இவ்வளவு தூரம் வந்த?"

மகளை இழுத்துக்கொண்டு போயே போய்விட்டார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். கரைத்தீவில் இந்தக் கதை பரவினால் என் அறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"உங்கட புரோகிராமுக்கு என்ன பைத்தியமா?"

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சி!"

நிறுத்திப் போட்டால் சரியாகிவிடும் என்றார். நான் விடுவேனா? நேற்று இல்லாதது இன்று என்ன? கரண்ட் போனது ஒன்றுதான். பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"தற்காலிகமாப் படம் வைக்கிற கோப்புக்கு ஆரு பேர் வைக்கிற?"

"நானில்ல. சி மொழியோட ஆயத்தமா வார லைப்ரரிதான் வைக்கிது."

காட்டினார். எழுத்தும் இலக்கமும் கலந்த, வாயில் நுழையாத பெயர். அந்தப் பெயரில் வேறு கோப்பு இல்லையென்று பார்த்துத்தான் தருமாம். எதை வைத்து அந்தப் பெயரைக் கட்டுகிறது என்று குடைந்தேன். கொம்பியூட்டர் எழும்பியதிலிருந்து ஒவ்வொரு புரோகிராமுக்கும் வரிசையாகக் கொடுத்துவரும் இலக்கத்தை வைத்தாம்.

"அப்ப ரெண்டு கொம்பியூட்டரும் ஒரே நேரத்துல எழும்பினா?"

அவர் எழும்பிப் போய் மெயின் சுவிட்சை இறக்கி, மறுபடி ஏற்றினார்.

இரண்டு திரையிலும் ஒரே பெயர், எழுத்துக்கு எழுத்து! "மாஷா அல்லாஹ், ரெட்டப் புள்ளயள்!" என்று கத்திவிட்டேன். கோபமெல்லாம் எங்கே போனதோ, அப்படி ஒரு சந்தோஷம். புரோகிராம் தொடங்கும்போதே பெயரை வாங்கிவிடுகிறது; கோப்பைத் திறப்பதோ முதல் ஆள் வந்து உட்கார்ந்த பிறகு. கேட்ட நேரம் அந்தப் பெயரில் கோப்பு இல்லைதான், இரண்டுக்குமே இல்லை. பிறகு அவர் வைத்த படத்தின் மேல் என் படம் போய் விழுந்திருக்கிறது.

பெயர் எடுக்கும் அதே கணத்தில் கோப்பையும் திறக்கும்படி, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் மறுத்துவிடும்படி, அவர் மாற்றி எழுதினார். சுவிட்சை மறுபடி மறுபடி இறக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் இருவரையும் படம் எடுத்ததில், என் முகம் என் பக்கம்தான் வந்தது.

கரைத்தீவுக்கு நானே போனேன். அந்தத் தாய் வாசலிலேயே நிறுத்திவைத்தார்.

"ராத்தா, கொம்பியூட்டர் பேரை எடுத்திச்சி, ஆனா எடத்தப் புடிக்கல்ல. அந்த இடைவெளிக்குள்ள மத்தது வந்து பூந்திட்டுது. இனி ரெண்டும் ஒண்டாத்தான் நடக்கும்."

சிரிப்பார் அல்லது ஏசுவார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மன்னார்ல எங்கட வளவுக்குக் காணி உறுதி இன்னும் எங்கட பேர்லதான் ஈக்கி, மகள். சண்டைக்குள்ள எங்கள வெரட்டிட்டாங்க; முடிஞ்சி போய்ப் பார்த்தா, ஊட்டுக்குள்ள வேற ஆக்கள்."

அவர் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

"உடுத்துக்கிட்டு வா புள்ள. படம் எடுக்கப் போவம்."