ஒசாகாவில் இழுத்த கொடும்பாவி

போன மாதம் ஜப்பானில் ஒரு நாள் மழை பெய்தது. அதற்கு நான்தான் காரணம்.

சிரிக்க வேண்டாம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். பாலக்கோட்டில் பவர் டில்லர் விற்கிறேன். மழை இல்லாத சீமையில் உழவு மெஷின் விற்கிற தைரியசாலி! சேலத்திலிருந்து பிரித்து எங்கள் தர்மபுரியைத் தனி மாவட்டம் ஆக்கினார்களே… மழையில் ஒரு பாகம் பிரித்துக் கொடுக்க மட்டும் மறந்துவிட்டார்கள்.

மெஷின் செய்கிற கம்பெனி, மூன்று வாரப் பயிற்சிக்காக ஒசாகா நகரத்துக்கு அழைத்தது. நானும் என் கடை மெக்கானிக் அருளப்பனும் போனோம். அருளப்பன் பொம்மிடிப் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். நாலு ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவார். இங்கிலீஷ் மட்டும் வராது.

எங்களைக் கவனித்துக்கொள்ள ஹயாஷி என்றொரு எஞ்சினீயர். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். நட்டை எவ்வளவு முறுக்குவது என்பதற்கே ஒரு மீட்டர் வைத்திருந்தார். "ஏன், அது கைக்குத் தெரியாதுங்களா?" என்று அருளப்பன் கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை ஹயாஷி எங்களைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மனிதர் முகமே சரியில்லை. மறுநாள் அவருடைய செக்‌ஷன் மொத்தமும் பூங்காவுக்குப் போகிறது — செர்ரி மரம் பூத்திருப்பதைப் பார்க்க! நாங்களும் விருந்தாளிகள். செக்‌ஷன் தலைவர் அந்த மாதத்தோடு ரிடையர் ஆகிறார். அவருக்கு வழியனுப்பு விழாவும் அதுதான். ஏற்பாடெல்லாம் ஹயாஷி பொறுப்பு. பூ ஒரு வாரம்தான் தாங்குமாம். நாளை தவறினால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் தலைவர் இருக்க மாட்டார் — ஆபீசில்!

அந்த வீட்டு ஜன்னலில் ஒரு பொம்மை தொங்கியது. வெள்ளைத் துணியில் உருண்டைத் தலை. கழுத்தில் நூல். பேனாவால் வரைந்த கண்ணும் வாயும்.

"இது என்ன?" என்றேன்.

ஹயாஷிக்கு வெட்கம் வந்துவிட்டது. "வெதருக்காக… நாளைக்கு" என்று அரைகுறை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, டீ கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

தர்மபுரிக்காரனிடம் வானத்துக்காக ஒரு பொம்மை என்று சொன்னால் அவனுக்கு என்ன புரியும்? எங்கள் பக்கம் மழை பொய்த்தால் வைக்கோலில் பொம்மை செய்வோம். கொடும்பாவி என்று பேர் வைத்துத் தெருத்தெருவாகத் தரையில் இழுத்துப் போவோம். பெண்கள் மாரடித்து அழுதுகொண்டு பின்னால் வருவார்கள். அந்தப் பாவி ஒழிந்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. வெயில் வேண்டும் என்று பொம்மை கட்டுகிற ஜனம் உலகத்தில் உண்டு என்று நாங்கள் கனவு கண்டோமா?

"பாவம்ண்ணா… பூவுக்குத் தண்ணி பத்தல போலருக்குது" என்றார் அருளப்பன். "ஆனா இப்பிடி சொகமா தொங்கவுட்டா மழ எங்கிருந்துங்க வரும்? இழுக்கணும், அழுவணும்."

"நீங்க இழுங்க. நான் அழறேன்."

"நாங்க வேதக்காரங்க, அதத் தொடக்கூடாதுங்க. நீங்களே ரெண்டையும் பாத்துக்குங்க. நான் எங்க அந்தோணியார்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடறேன்."

அவர் சிலுவை போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பொம்மையை அவிழ்த்து, நூலைப் பிடித்து, பாய் போட்ட தரையில் மூன்று சுற்று இழுத்தேன். சத்தம் வராமல் மாரில் நாலு அடி அடித்துக்கொண்டேன். சாப்பிட வந்த வீட்டில் அதற்கு மேல் அழுவது மரியாதை இல்லை. உள்ளே கோப்பைச் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாகப் பொம்மையைக் கட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டோம்.

ஞாயிறு காலை ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்தால் — மழை!

அது நம் ஊர் மழை மாதிரி இடி, மின்னல் என்று ஊரைக் கூட்டிவிட்டுப் பத்து நிமிஷத்தில் ஓடிப்போகிற மழை இல்லை. மாதச் சம்பளக்காரர் மாதிரி, நிதானமாக, ஒரே சீராகப் பெய்தது. தெரு முழுக்கக் குடைகள். எங்குமே சேறு இல்லை. ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை! மூன்று வருஷமாக மழையில் நனையாத உடம்பு எங்களுடையது. ஹாஸ்டலில் கொடுத்த குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே நனைந்துகொண்டு நடந்தோம். எதிரே வந்த ஒரு அம்மாள், எங்கள் குடை ரிப்பேர் போலிருக்கிறது என்று தன் குடையை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அவரும் நனைந்துவிட்டார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

பூங்காவில் நல்ல மரத்தடி வேண்டுமென்றால் விடியற்காலையிலேயே போய்ப் பாய் விரித்துவிட வேண்டுமாம் — நாம் பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. ஹயாஷி ஐந்து மணிக்கே வந்து இடம் பிடித்திருந்தார். நூற்றுக்கணக்கான மரங்கள். போட்டிக்கு ஒரு ஆள் இல்லை. தார்ப்பாயை விரித்து, குடையைப் பிடித்துக்கொண்டு, ஒண்டியாக உட்கார்ந்திருந்தார்.

அருளப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். நான் கையை நீட்டி, "கங்கிராஜுலேஷன்ஸ்! குட் ரெயின்!" என்றேன்.

ஹயாஷி எழுந்து இடுப்பு மடங்கக் குனிந்தார். "ரொம்ப வருந்துகிறேன். மழை வரக்கூடாது என்றுதான் பொம்மை கட்டினேன். அதை நான் சரியாகச் செய்யவில்லை" என்றார்.

நாங்கள் வரவழைத்த மழைக்கு அவர் எங்களிடமே மன்னிப்புக் கேட்கிறார்! அருளப்பனிடம் தமிழில் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தோணியார்கிட்ட வேணாம்னு சொல்லிப் பாக்கட்டுங்களாண்ணா?"

"நீங்க செஞ்சவரைக்கும் போதும். சும்மா இருங்க."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

பத்து மணிக்குத் தலைவர் வந்தார். பின்னால் பன்னிரண்டு பேர். மழை என்ற பேச்சையே ஒருவரும் எடுக்கவில்லை. ஒரு கையில் குடை, மறு கையில் குச்சி, மடியில் சாப்பாட்டுப் பெட்டி. சோற்றின் மேல் சொட்டுச் சொட்டாக மழை. ஹயாஷி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. தலைவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷ உழைப்புக்கு அந்தப் பெரியவருக்குக் கிடைத்த வழியனுப்பு ஈரத் தார்ப்பாயா என்று எனக்கே மனசு ஆறவில்லை.

பூவிதழ்கள் உதிர்ந்து தலைவரின் கறுப்புக் குடை முழுக்க ஒட்டிக்கொண்டன. அவர் வெகுநேரம் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். கேட்டதும் ஹயாஷி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலைவர் சொன்னதை எங்களுக்கு இங்கிலீஷில் சொன்னார்:

"இருபது வருஷமாக வருகிறேன். இதுவரை பக்கத்துப் பாய்க்காரர்கள் குடித்துவிட்டுப் பாடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். இன்றைக்குத்தான் பூவைப் பார்த்தேன்."

தப்பு நல்லபடியாக முடிந்த பிறகு ஒப்புக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, பார்த்தீர்களா? திரும்பி வரும்போது ரயிலில் எல்லாவற்றையும் ஹயாஷியிடம் கொட்டிவிட்டேன். இழுத்தது, மாரடித்தது, அந்தோணியார் உட்பட.

ஹயாஷி ஓடுகிற ரயிலில் எழுந்து நின்று, மறுபடியும் குனிந்தார்.

"நன்றி! காலையில் அந்தப் பொம்மை தலைகீழாகத் தொங்கியது. அப்படித் தொங்கினால் மழை வரும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான்தான் ஒழுங்காகக் கட்டவில்லை என்று காலையிலிருந்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்."

அத்தோடு விட்டாரா? எஞ்சினீயர் ஆயிற்றே! சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டார்.

"ஒரு சந்தேகம். உங்கள் முறை இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. பிறகு ஏன் உங்கள் ஊரில் மழை இல்லை?"

அதைத் தமிழில் அருளப்பனிடம் கேட்டேன். ஊரில் கிணறு வற்றிவிட்டது என்று இரண்டு நாள் முன்னால்தான் அவர் சம்சாரத்தின் கடிதம் வந்திருந்தது. அருளப்பன் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஊர்ல அவங்கவங்க காடு கழனிக்குத்தானுங்க கேக்கறோம். நேத்து நாம இவருக்காவ கேட்டோம். அதான் ஆண்டவரு குடுத்துட்டாரு."

நான் இங்கிலீஷில் சொன்னதும் ஹயாஷி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

உண்மைதான் போலிருக்கிறது. அடுத்தவருக்காக மனசாரக் கேட்டால் கிடைக்கிறது… அதற்கு முன்னால், அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!