முறிந்த வாழைக்கு முட்டுக் கொடுத்தவர்கள்

வேலை செய்தால் சோறும் படுக்கையும் இலவசம், கூடவே ஓர் ஊரையும் பார்த்துவிடலாம் என்பதுதான் இயற்கை விவசாயப் பண்ணைத் தன்னார்வலர் வேலைக்குச் சொல்லப்படும் ஒரே விளம்பரம். அதை நம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு போய், மண்வெட்டி பிடித்து உள்ளங்கை கொப்புளித்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சென்னையில் என் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது நானும் வெளியே வந்தேன். ஊர் சுற்ற ஆசை இருந்தது, வசதி இல்லை. முதலில் வாய்த்தது திருச்சிக்கு மேற்கே, ஜீயபுரத்தில் ஒரு வாழைத் தோட்டம்.

டீக்கடை விசாரணை

பஸ் நிறுத்தத்துக்கு ராஜேந்திரன் அண்ணன் வண்டியில் வந்திருந்தார். குத்தகைக்கு நிலம் எடுத்து வாழை போடுகிறவர். மனைவி கலா அக்காவும் அவரும் மட்டும்தான் வீட்டில். ஆள் கூலி கட்டுப்படியாகாததால், அக்காவின் தம்பி சொல்லி, என்னைப் போன்றவர்களை வரவழைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

டீ குடிக்க நிறுத்தினோம். கடைக்கார அம்மா என் பையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், அண்ணனிடம் விவரம் கேட்டார். சம்பளம் கிடையாது, சும்மா வந்து வேலை செய்வார்கள் என்றார் அண்ணன். அந்த அம்மா டீயை என் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “வீட்ல ஏதும் சண்டையாம்மா?”

தொட்டி

சாணம், கோமியம், வெல்லம், கடலை மாவு எல்லாம் போட்டு ஊறவைக்கும் ஜீவாமிர்தத் தொட்டியைக் கலக்குவது என் காலை வேலை. முதல் நாள் குச்சியைப் போட்டுவிட்டு வேலியோரம் ஓடி வாந்தி எடுத்தேன். கலா அக்கா தண்ணீர் கொண்டுவந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

சில வருஷம் முன்பு, பூச்சிமருந்து அடிக்கப் போன ராஜேந்திரன் அண்ணன் ஒருநாள் வீடு திரும்பவில்லையாம். அக்கா தேடிப் போனபோது வரப்பில் நுரை தள்ளிக் கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கண் விழிக்கும்வரை அவர் சட்டையிலிருந்து அடித்த மருந்து வாடையிலேயே அக்கா உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்த அன்றே மிச்சமிருந்த மருந்தைக் குழி தோண்டிப் புதைத்தார். விளைச்சல் குறைந்தது, பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேலி பேசினார்கள். அவர் மாறவில்லை.

குச்சியை என்னிடமிருந்து வாங்கித் தானே கலக்கிக்கொண்டு சொன்னார்: “அந்த வாடைக்கு இது எவ்வளவோ மேலுங்க. இது ஆளைக் கொல்லாது.”

மூஞ்சி

வரப்போரத்தில் சில மரங்கள் மட்டும் முந்திக்கொண்டு தார் போட்டிருந்தன. அந்தப் பூவன் தார்களை வெட்டிப் பழுக்கவைத்து, நானும் அக்காவும் ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோனோம். கோயில் பக்கத்து அர்ச்சனைத் தட்டுக் கடைகளுக்கு வாடிக்கையாகக் கொடுக்க முடிந்தால் பெரிய உதவியாக இருக்கும் என்று அக்காவுக்கு ஆசை. அதற்காகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஒரு பழத்தை உரித்துத் தின்றார், தித்திப்பு என்றார். பிறகு தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரும்புள்ளி இருந்தது, காயும் கொஞ்சம் சின்னது. மருந்தே படாத பழம் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அவர் சீப்பைப் பதமாகக் கூடையில் திரும்ப வைத்தார்: “சாமிக்கு வைக்கிறதும்மா. மூஞ்சி நல்லா இருந்தாத்தான் வாங்குவாங்க.”

காற்று

மற்ற மரங்களில் தார் இறங்கி, காய் இன்னும் முற்றாத நேரம். சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். பாதித் தோட்டம்கூட முடியவில்லை. சாயங்காலம் மேற்கே கறுத்தது. மழைக்கு முன்னால் காற்று வந்தது. வீட்டு வாசலில் நின்றபடி கேட்டோம். மடாரென்று ஒன்று, பிறகு கூட்டமாக, ஒவ்வொரு மரமாக முறிகிற சத்தம். அக்கா ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணனின் கையை இறுக்கிப் பிடித்தார்.

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். முட்டுக் கொடுத்தது, கொடுக்காதது எல்லாம் சாய்ந்து கிடந்தன. பக்கத்துத் தோட்டமும் அப்படித்தான்; மருந்து அடித்த மரம், அடிக்காத மரம் என்று காற்று பார்க்கவில்லை. அண்ணன் தாரோடு சாய்ந்த ஒரு மரத்தைத் தோளைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். கையை எடுத்தால் விழுந்துவிடும். எடுக்காமல் நின்றார். நானும் போய் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன். அடித்தண்டு ஏற்கெனவே முறிந்திருந்தது. இருவருக்கும் அது தெரியும். கடைசியில் அக்கா வந்து அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

மறுநாள், நான் அடுத்துப் போகவிருந்த உப்பிலியபுரத்துப் பண்ணையிலிருந்து, சீக்கிரம் வர முடியுமா என்று எனக்குச் செய்தி வந்தது. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றேன். விழுந்த மரங்களை வெட்டி ஒதுக்கும்வரை இருந்தேன். அதற்குமேல் எனக்கு அங்கே வேலையில்லை; அதை முதலில் சொன்னவரும் அண்ணன்தான்: “கிளம்பு தங்கச்சி. உனக்கு அடுத்த தோட்டம் இருக்கு. எங்களுக்கு இது ஒண்ணுதான்.”

காட்டூர்

அடுத்த வருஷம் திருச்சி வழியாகப் போனபோது போன் பண்ணினேன். காட்டூருக்கு வரச் சொன்னார்கள். குத்தகையை விட்டாகிவிட்டது. அண்ணன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரே அறை. நீலச் சட்டையில் அவரை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வழக்கம்போல அக்கா சாப்பிடாமல் விடவில்லை. சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும். கடையில் வாங்கின காய் என்று தானாகவே சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிலம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அண்ணனே சொன்னார், வேறொருவர் எடுத்து மருந்து அடித்து வாழை போட்டிருக்கிறாராம், நன்றாக வந்திருக்கிறதாம். போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கேட்டைத் திறந்து ஒரு காரை உள்ளே விட்டு, சாத்திவிட்டு வந்து சொன்னார்: “சொந்தக்காரங்க வீட்டுக்கு அந்த வழியாத்தான் போகணும். பஸ்ல தோட்டம் தெரியுற பக்கம் சீட்டு கெடச்சா நின்னுக்கிட்டே போயிடுவேன்.”

இந்தத் தொழிலில் மண்வெட்டி பிடிக்க ஒரு வாரத்தில் கை பழகிவிடும். கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று கூசாமல் சொல்லத்தான், எத்தனை பண்ணை பார்த்தாலும், வாய் பழக மாட்டேன் என்கிறது.