நாற்பத்து மூன்றாவது பதில்

கைப்பேசி மாணவர்களின் உறவுகளை எப்படிக் கெடுக்கிறது என்று ஆராய, துறையிலேயே பொருத்தமான ஆள் தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பொருத்தம்தான், திருட்டைப் பற்றித் திருடனே ஆராய்வது மாதிரி. விடுதியில் அவனுக்குப் பட்டப்பெயர் 'குனிஞ்ச தலை'. வெட்கத்தால் வந்த பெயர் அல்ல.

பன்னிரண்டு கேள்விகளோடு ஒரு படிவம் தயாரித்து, பெயர் எழுத வேண்டாம் என்று பெருந்தன்மையும் காட்டி, புதன்கிழமை எல்லோருக்கும் அனுப்பினான். மூன்றடி தள்ளி எதிர்க்கட்டிலில் படுத்திருந்த அறைத்தோழனுக்கும் வாயைத் திறக்காமல் அதையேதான் அனுப்பினான். அதில் தப்பு இருப்பதாக அவனுக்குப் படவில்லை.

ஞாயிறு மதியம் பதில்களைப் படிக்க உட்கார்ந்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல அறுவடை. ஒருத்தி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியைத் திரும்பிப் பார்க்க வைக்க அவளுக்கே போன் போடுகிறாளாம். வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு நாற்பத்து மூன்றாவது பதில் வந்தது.

'வெள்ளிக்கிழமை எங்க அப்பாவுக்கு இதயத்துல ஆபரேஷன்னு ரூம்ல இருக்கறவன்கிட்ட சொன்னேன். ம்ம், சூப்பர்னு சொன்னான்.'

எந்தப் பாவி இவன் என்று பல்லைக் கடித்தான். அறிக்கையின் முதல் பக்கத்தில் போட வேண்டிய விஷயம் என்று அதற்கு மஞ்சள் வண்ணம் பூசினான். அறைத்தோழனுக்கும் படித்துக் காட்டலாமென்று தலையைத் தூக்கினான்.

கட்டிலில் ஆளில்லை. கொடியில் அவன் துண்டு இல்லை, கட்டிலடியில் பை இல்லை. காலையில்கூடக் குனிந்தபடியே "சாப்பிட வரியா" என்று அந்தக் கட்டிலைத்தான் கேட்டிருக்கிறான். பதில் வராததால், தூங்குகிறான் போலும் என்று விட்டுவிட்டான். அந்தப் பாவி யாரென்று இப்போது உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

உடனே அழைத்தான். மூன்றாவது முறைதான் எடுத்தான் நண்பன்.

"அப்பாவுக்கு எப்படிடா இருக்கு?"

"இது எத்தனாவது கேள்விடா?"

"மொதல்லயே கேட்டிருக்க வேண்டியது. மன்னிச்சிடுடா."

"நல்லா இருக்காரு. கண்ணு முழிச்சதும் உன்னைத்தான் கேட்டாரு, வரலையான்னு."

"நீ என்ன சொன்ன?"

"தலை நிமிர நேரமில்லாம படிக்கிறான்னு சொன்னேன்."

உடனே கிளம்பி வருவதாகச் சொல்லி, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டான். அதையும் புதன்கிழமையே சொல்லியிருந்தானாம்.