இருபத்தேழாம் தாய்ப்பூச்சி

தருமபுரியில் பட்டுப்புழு முட்டை வாங்கப் போன வித்தகத்தில், அதாவது முட்டை உற்பத்தி நிலையத்தில்தான், அந்த அம்மாவைப் பார்த்தேன். முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியைச் சின்னக் கல்வத்தில் அரைத்து, நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வேலை. பெப்ரின் நோய்க்கிருமி தெரிந்தால் அந்தப் பூச்சியின் முட்டைகளை எரித்துவிடுவார்கள்.

ஒல்லியான உடம்பு. விரல் நுனியெல்லாம் பூச்சியின் வெள்ளைத் தூள். ஒவ்வொரு பூச்சிக்கும் அதன் முட்டை அட்டைக்கும் ஒரே எண்; அரைப்பதற்கு முன்னும் பார்த்த பின்னும் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்வார். எண் மாறினால் நல்ல முட்டை எரிந்துவிடும், கெட்டது என்னோடு மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறிவிடும்.

"இருபத்தேழு" என்று சொல்லி ஒரு முட்டை அட்டையைத் தனியே நகர்த்தினார். நானூறு முட்டையாவது இருக்கும். எனக்கோ தோட்டத்தில் மல்பெரி இலை முற்றிக்கொண்டிருந்தது.

"எத்தனை கிருமிங்க தெரியுது?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானேங்க, விட்டுடுங்களேன்."

அவர் கோபப்படவில்லை. "பூச்சி ஒடம்புல எத்தனையோ லட்சம் செல்லுங்க. றெக்கைக்குத் தனி, கண்ணுக்குத் தனி. அதுல ஒண்ணப் பிரிச்சு வெளிய வெச்சா செத்துரும். இந்தக் கிருமிக்கு மொத்த ஒடம்பே ஒரு செல்லுதான். அந்த ஒண்ணு உள்ள பூந்தா ரெண்டாவும், நாலாவும். உங்க ஷெட்டே காலியாயிருமுங்க."

என்னையும் பார்க்கச் சொன்னார். அவர் இடம் காட்டிய பிறகும் அந்தப் பளபளப்பான புள்ளியைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. அவருக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

அட்டையை அவரே கொண்டுபோய்த் தீயில் போட்டார். போடும்போது மெதுவாக இன்னொரு முறை "இருபத்தேழு" என்றார். அதற்குமேல் எண் மாற வழியே இல்லை. அப்படியிருக்க யாருக்காகச் சொன்னார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.