ஆயுத பூசையில் வைத்த ரவுட்டர்

மூன்று வருடங்களுக்கு முன், விஜயதசமி அன்று காலை, உடையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இது நடந்தது. நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். பேரரசுகள் ஏன் சரிந்தன என்று இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு விளக்கி வருகிறேன். என் வீட்டுச் சுவரில் ஒரு சின்ன விளக்கு ஏன் சிவப்பாக எரிகிறது என்பதற்கு அன்றைக்கு என்னிடம் விளக்கம் இல்லை.

முதலில் பெருமையான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். அது சின்னதுதான்.

பெரம்பலூரில் பொறியியல் படிக்கும் என் மகள் ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிறவள். ஐந்து பேர் கொண்ட கல்லூரி அணிக்குக் கேப்டனும் அவள்தான். அந்த அணி மாநிலப் போட்டிக்குப் போக ஒரே ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது. விடுமுறை நாளாகப் பார்த்து, விஜயதசமி காலை பதினோரு மணிக்கு வைத்திருந்தார்கள். ஐவரும் அவரவர் வீட்டிலிருந்து ஆட வேண்டும். ஒருத்தர் இணைப்பு அறுந்தாலும் மற்ற நால்வர் மாட்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலோ அதுவரை செல்போன் சிக்னல்தான். அது கடைசி டவுன் பஸ் மாதிரி, வந்தால் உண்டு.

“ப்ராட்பேண்டு நான் பாத்துப் போடுறேன்” என்று பொறுப்பேற்றேன். ஒரு மாதம் படித்தேன். தனி நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தேன். இருப்பதிலேயே வேகமான திட்டத்தைப் பெருமையோடு நீட்டியபோது மகள், “வேகம் படம் எறக்கத்தாம்ப்பா. எனக்குப் பிங் கம்மியா இருக்கணும்” என்றாள். பிங் என்றால், இங்கே விரல் அழுத்திய சேதி அங்கே போய்த் திரும்பி வர ஆகும் நேரம். கடிதம் போட்டுப் பதிலுக்குக் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு அது உடனே புரிந்தது. கண்ணாடி இழை வழியாக ஒளியாகவே வரும் பைபர் இணைப்புதான் சரி என்று முடிவெடுத்தேன்.

அடுத்தது ரவுட்டர். அரியலூர்க் கடையில் மேசையைக் கவிழ்த்து வைத்தாற்போல் நான்கு ஆன்டெனாக்களோடு ஒன்று நின்றது. மனம் அதில் விழுந்தது. ஆனால் அது பழைய டெலிபோன் லைனுக்கான ரகம், பைபருக்குச் சேராது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து அதைக் கண்டுபிடித்துக் கடைக்காரரிடம் சொன்னவனும் நான்தான்.

“சார் கம்ப்யூட்டர் சாருங்களா?” என்றார்.

“இல்லீங்க, சோழர்கள்” என்றேன்.

பொருத்தமான ஒன்றை வாங்கினேன். பைபர் பெட்டியையும் அதையும் கூடத்துச் சுவரில் மாட்டி, மகளின் கம்ப்யூட்டர்வரை வயரும் இழுத்தாயிற்று. பிங் எண்ணைப் பார்த்துவிட்டு மகள், “செமப்பா” என்றாள். ஐம்பதை நெருங்கும் தகப்பனுக்குக் கல்லூரி போகும் மகளிடமிருந்து அந்தச் சொல் லேசில் கிடைக்காது. நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

இணைப்பு வந்த பத்தாம் நாள் ஆயுத பூசை. எங்கள் வீட்டில் உழைக்கிற எந்தப் பொருளும் அன்றைக்குப் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. அரிவாள்மனை, மண்வெட்டி, மிக்சி, விடைத்தாள் திருத்தும் என் சிவப்புப் பேனா எல்லாவற்றையும் துடைத்து, விபூதி பூசி, சந்தனம் குங்குமம் இட்டுச் சாமி படத்துக்கு முன் அடுக்குவோம். மறுநாள் மறுபூசை முடியும்வரை எதையும் தொடக் கூடாது. நான் பைபர் பெட்டியையும் ரவுட்டரையும் கழற்றினேன்.

“அப்பா, அத ஏம்ப்பா கழட்டுறீங்க? நாளைக்கு மேட்ச்சு.”

“அதுக்குத்தாம்மா. இதான ஒன் ஆயுதம்?”

“ஏங்க, அவதான் வேணாங்குறால்ல” என்று மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

“மேட்ச்சு பதினொண்ணுக்கு. எட்டரைக்கு மாட்டிருவேன். கழட்டுனவனுக்கு மாட்டத் தெரியாதா?”

பெட்டியிலிருந்து உருவிய மெல்லிய வயர் மட்டும் சுவரோரம் தொங்கியது. அதற்குப் பச்சை நிறத்தில் ஒரு தலை. தலைக்குள் வெள்ளையாக ஒரு சின்ன நுனி. ஒளியே அது வழியாகத்தான் வருகிறது, அதைப் போய் விட்டுவிடலாமா? விபூதித் துணியால் துடைத்து, அந்த நுனியில் கடுகளவு சந்தனமும் வைத்தேன். பொட்டு வைப்பதற்கென்றே செய்தாற்போல் இருந்தது.

மறுநாள் எட்டரைக்கு, சொன்னபடியே மாட்டினேன். பெட்டியில் பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. கழற்றி மாட்டினேன், சிவப்பு. சுவிட்சை அணைத்துப் போட்டேன், சிவப்பு. ஒன்பது மணிக்கு மகள் பக்கத்தில் வந்து நின்றாள். சிவப்பையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

லைன் போட்டுக்கொடுத்தவருக்குப் போன் செய்தேன். ஒருமுறைதான் பார்த்திருந்தேன், என்னைவிட ரொம்ப இளையவர். மகள் கேட்க வேண்டும் என்றே வகுப்பறைக் குரலில் ஆரம்பித்தேன். “என்னங்க லைன் போட்டீங்க? பத்து நாள் தாங்கல. புள்ளைக்குப் பதினொரு மணிக்கு மேட்ச்சு. ஒரு பொறுப்பு வேணாமா?”

அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “பாப்பாவப் பள்ளிக்கூடத்துல சேக்கக் கெளம்பிட்டு இருக்கேன் சார். பத்தரைக்குள்ள நல்ல நேரம். போற வழிதான், வரேன்” என்றார்.

பத்து மணிக்கு பைக்கில் வந்து இறங்கினார். பின்னால் மனைவி, முன்னால் புதுக் கவுனில் கையில் சிலேட்டோடு ஒரு குட்டிப் பெண். என் மனைவி அவர்களை உட்கார வைத்துப் பொரிகடலை கொடுத்தாள். அவர் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரோரம் குந்தினார். கையளவு மீட்டரில் வயரைச் செருகிப் பார்த்தார். உருவினார். நுனியை மூக்கருகே கொண்டுபோனார்.

பிறகு நிமிர்ந்து, பொட்டும் பூவுமாக இருந்த ரவுட்டரைப் பார்த்தார். மிக்சியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“சார், உள்ள இருக்கறது தலைமுடியவிட மெலிசு” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. “தூசி பட்டாலே வெளிச்சம் வராது. நீங்க சந்தனக்காப்பே சாத்திட்டீங்க.”

அந்த நேரம் பார்த்து மகள் ஓடி வந்தாள். “என்னண்ணா ஆச்சு?”

“நாங்க போட்ட தலை சரியில்லம்மா. எங்க தப்புதான். மாத்திர்றேன், அஞ்சே நிமிசம்.”

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். அவர் சொன்ன பொய் எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அவ்வளவு வசதியாக இருந்தது.

நுனியை வெட்டிப் புதுத் தலை போட்டார். பெட்டியின் துளையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தார். பத்து இருபதுக்குப் பச்சை எரிந்தது. சிலேட்டுக்காரியை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பைக்கைப் பறக்கவிட்டார்.

பதினோரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. யார் யாரைச் சுடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. மகளின் குரல் மட்டும் புரிந்தது. நால்வருக்கும் நிதானமாக வழி சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றில் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். வீடு அதிர ஒரு சத்தம் போட்டாள்.

அந்தச் சந்தோசத்திலும் அவள் நியாயம் பேசினாள். கம்பெனியிலிருந்து போனில் செய்தி வந்திருந்தது. வந்து பார்த்தவருக்கு எத்தனை ஸ்டார்?

“ரெண்டுதாம்ப்பா போடப் போறேன். லீவு நாள்ல வந்தாரு, சரிதான். ஆனா மொதல்லயே ஒழுங்கா போட்டிருக்கணும்ல? நீங்களே கேட்டீங்களே, பொறுப்பு வேணாமான்னு.”

பேரரசுகள் சரிவது இப்படித்தான்.

“இரும்மா” என்றேன். “அது அவரு தப்பில்ல. அந்த வயரு நுனியில நாந்தான் சந்தனம் வச்சேன்.”

“எதுல?”

“வெளிச்சம் வர்ற எடத்துல.”

அடுப்படியில் என் மனைவி சிரிக்கத் தொடங்கிவிட்டாள். மகள் சிரிக்கவில்லை. “அவரு ‘எங்க தப்பு’ன்னு சொன்னப்ப நீங்க பக்கத்துலதானப்பா நின்னீங்க?”

“நின்னேன்.”

ஐந்து ஸ்டாரையும் அழுத்திவிட்டு, அவர் நம்பரைப் போட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். “பேசுங்க.”

“தம்பி, காலையில கத்துனதுக்கு மன்னிச்சுக்கங்க. தப்பு பூரா என்னுது” என்றேன்.

“அட, விடுங்க சார். உங்க வூட்டோட இன்னிக்கு மூணு. ஒருத்தரு குங்குமத்தப் போட்டு அடைச்சுட்டாரு” என்று சிரித்தார். பாப்பாவை நல்ல நேரத்துக்குள் சேர்த்தாகிவிட்டதாம்.

“சரி, பழிய ஏன் ஒங்க மேல போட்டுக்கிட்டீங்க?”

“தங்கச்சி அப்பத்தான் மேட்ச்சுக்கு உக்காரப் போவுது. அந்த நேரத்துல அப்பா மேல கோவம் வந்தா கை நடுங்கும்ல சார்?”

யார்மேல் குற்றம் என்று உரக்கச் சொல்ல வாய் இன்றும் எனக்கு உடனே வந்துவிடுகிறது. ஆனால் அதைச் சொன்னால் இந்த நேரத்தில் யாருடைய கை நடுங்கும் என்று, பாதி நாளாவது, ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பேசுகிறேன்.