பாதி மூச்சில் சுண்டிய கயிறு

நாமக்கல்லுக்கு மேற்கே எந்தக் காட்டுக்குப் போனாலும் பாறையை வெட்டின கெணறுதான். ஊத்துத் தேடி அடியில பக்கவாட்டுல குடைஞ்சுக்கிட்டே போயிருப்பாங்க. ஆள் படுத்து நுழையற அளவு இருட்டுப் பொந்து. அதை வங்குன்னு சொல்லுவோம். ஆயில் எஞ்சின் வந்த புதுசுல குழாய், சங்கிலின்னு எது அறுந்து விழுந்தாலும் அதுக்குள்ள போய் ஒதுங்கிரும். முங்கத் தெரிஞ்சவன் ஊர்ல நிறையப் பேரு. வங்குக்குள்ள விடறது ஒருத்தனையோ ரெண்டு பேரையோதான்.

அதுக்கு ஒரு பரீட்சை உண்டு. இடுப்புல கயிறு கட்டி இறக்குவாங்க. மறுமுனை முங்கறவனோட பொண்டாட்டி கூடப் பொறந்தவன் கையில இருக்கணும். அக்கா தாலி அறுந்தா அழ வேண்டியவன் அவன்தானே, அலட்சியமா இருக்க மாட்டான். தலை தண்ணிக்குள்ள போனதும் அவனும் மேல மூச்சைப் பிடிச்சுக்கணும். நெஞ்சு முட்ட ஆரம்பிச்சதும் கயித்தை ரெண்டு தரம் சுண்டணும். பாதி மூச்சு போறதுக்கு, பாதி திரும்பறதுக்கு. சுண்டினா, கை எதைப் பிடிச்சிருந்தாலும் விட்டுட்டுத் திரும்பணும். உள்ளே ஒரு செம்பு வெச்சிருப்பாங்க. அது வருதா வரலையாங்கறது கணக்கில்ல, ஆளு திரும்பினானாங்கறதுதான் கணக்கு.

எங்க அக்கா ஊட்டுக்காரர் மொதத் தடவை செம்போட வந்தாரு. கரையில நின்னவங்க கை தட்டினாங்க. பரீட்சை வெச்ச ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க, கயிறு பிடிச்சவன் சொல்லுதான் செல்லும். சுண்டின பிற்பாடும் கயிறு உள்ளேதான் போச்சுங்கன்னு சொல்லிட்டேன். மனுசன் ஒரு வருசம் என்கூடப் பேசல. அக்காவும் சோத்தைப் போட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவா. போனாப் போங்கன்னு நானும் இருந்துட்டேன். அடுத்த கோடையில வெறுங்கையோட வந்தாரு, தேறினாரு.

அந்த ஐப்பசியில பக்கத்துக் காட்டுக் கெணத்துல ஒரு பொண்ணுப் புள்ள விழுந்துட்டா. ஆறேழு வயசிருக்கும். விழுந்தது காலையில. அடித்தரையெல்லாம் தேடிப் பார்த்துட்டு, வங்குக்குள்ளதான்னு தெரிஞ்ச பிற்பாடு எங்களைக் கூப்பிட்டாங்க. போறப்பவே வெயில் சாஞ்சாச்சு. உசுரில்லைன்னு எல்லாருக்கும் தெரியும், பெத்தவளுக்கும் தெரியும். பொழுது விழறதுக்குள்ள புள்ளையை மடியில வாங்கிரணும், ராத்திரி அந்தத் தண்ணிக்குள்ள அது தனியாக் கெடக்கக் கூடாது, அவ்வளவுதான் அவ கேட்டது.

மாமா முங்கினாரு. நெஞ்சு முட்டுச்சு, சுண்டினேன். வெறுங்கையோட வந்தாரு. படியைப் பிடிச்சுட்டு மூச்சு வாங்கிக்கிட்டே, பாவாடை விரல்ல பட்டுச்சு மாப்ளன்னாரு. அது அந்தம்மா காதுல விழுந்துருச்சு. படியிறங்கி வந்து என் பக்கத்துல உக்காந்தா.

"இந்த ஒரு வாட்டி சுண்டாதீங்க சாமி. தொட்டுட்டாருல்ல."

மாமா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு மறுபடி முங்கினாரு. நெஞ்சு முட்ட ஆரம்பிச்சுது. இன்னுங் கொஞ்சம் பிடிச்சிருக்க முடியும், சத்தியமா முடியும். அக்கா அப்ப மாசமா இருந்தா. சுண்டிட்டேன்.

மறுபடியும் வெறுங்கை. அந்தம்மா என்னைத் திட்டியிருந்தாத் தேவலை, எந்திரிச்சுப் படியேறிப் போயிட்டா. அதுக்கு மேல இருட்டிப் போச்சு, யாரும் இறங்க விடல. ரெண்டு எஞ்சின் வெச்சு விடிய விடிய இறைச்சாங்க. வங்கு வெளிய தெரிஞ்சப்ப நாங்க ரெண்டு பேரும் இறங்கிப் பார்த்தோம். புள்ள எதுலயும் மாட்டிக்கல. இன்னும் ஒரு முழம் கை நீட்டியிருந்தா வந்திருக்கும்.

விடிஞ்சு ரெண்டு பேரும் ஊட்டுக்கு வந்தோம். அக்கா வாசல்ல நின்னுட்டிருந்தா. அவ முன்னாடிதான் சொன்னாரு.

"நீ சுண்டினது சரிதான் மாப்ள. ஆனா இனிமே உன் கையில கயித்தைக் குடுக்க மாட்டேன்."

அக்காவுக்குக் கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன்தான். வேற ஆள் கையில கயித்தைக் குடுத்துட்டு வங்குக்குள்ள போறது எங்க பக்கம் கெடையாது. அவர் இனி முங்கவே போறதில்லைன்னு அக்காவுக்குப் புரிஞ்சுருச்சு. ஓடி வந்து என் தோள்ல சாஞ்சு அழுதா. சந்தோசத்துல அழுதா. என்னால அதைப் பொறுத்துக்க முடியல, அவளை விலக்கிட்டு நடந்துட்டேன்.