கோணல் காரை நிமிர்த்தப் போன கதை

1. சுக்குச் சாக்குக்கு அடியில்

"செல்வண்ணா, இது முழுக் காரா, பாதிக் காரா?" என்று ஹசீனா கேட்டார். விருதுநகரிலிருந்து வந்து கொச்சியில், தோப்பும்படியில் ஒர்க்‌ஷாப் போட்டவன் நான். போட் இன்ஜின், பழைய ஜீப், ஐஸ் லாரி எல்லாம் என் கையில் பிரிந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் இப்படி ஒரு பிறவியைப் பார்த்ததில்லை.

ஹசீனா மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு மொத்த வியாபாரம் செய்பவர். தமிழ்நாட்டு வியாபாரிகளோடு பேசிப் பேசி நன்றாகவே தமிழ் வரும். கிடங்கின் பின் அறைக் கூரை ஒழுகுகிறது என்று பூட்டை உடைத்தபோது, மக்கிய சாக்குகளுக்கு அடியில் அது கிடந்தது. ஒரே ஒரு சீட். கதவில்லை, லைட் இல்லை. சுருட்டுக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. படம் எடுத்து அனுப்பி விசாரித்ததில், அந்தக் காலத்து அமெரிக்க ரேஸ் கார், இந்த வகையில் மிஞ்சியதே சொற்பம் என்று தெரிந்தது. கொச்சிக்கு எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை. கப்பல்காரன் விட்டுப் போனான் என்றார் ஒருவர். சர்க்கஸ்காரன் என்றார் இன்னொருவர்.

கிடங்கில் ஹசீனாவின் அண்ணன் சத்தாருக்கும் பங்கு உண்டு. பெங்களூர் ஆள் ஒருவர் இன்ஜினை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார், வேறொரு காரில் பொருத்த. சத்தாருக்கு அதில்தான் விருப்பம். "மற்ற இரும்பு எல்லாம் ஆக்ரிக் கடைக்கு, எடைக்குப் போகட்டே" என்றார். ஹசீனா விடவில்லை. கடைசியில் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். அடுத்து நடக்கவிருந்த பழைய வண்டிகள் கண்காட்சியில் அந்தக் கார் தன் இன்ஜினில் மைதானத்தை ஒரு சுற்று வந்தால், முழுசாக இருக்கும். வராவிட்டால் அன்றைக்கே இன்ஜினை இறக்கிக் கொடுத்துவிட வேண்டும்.

எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார்கள். அண்ணன் தங்கை நடுவில் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

2. எதுவும் எதோடும் சேரவில்லை

கிடங்கிலேயே வைத்து வேலையைத் தொடங்கினோம். முதல் வாரம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தேடினேன், இல்லை. கழன்று போயிருக்கும் என்றால், அதை மாட்டுவதற்கான இடமே இல்லை. கிளட்ச் பெடலும் இல்லை. பின் அச்சில் டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றும். இன்ஜின் நடுவில் உட்காராமல் இடது பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது. இடது பக்க ஸ்பிரிங் தாழ்வாக இருந்தது. பின்னால் வலது டயர் பெரிசு, இடது டயர் சிறிசு.

"ஆரோ நல்லா இடிச்சிட்டு, கைக்குக் கிட்டினத வச்சுத் தச்சிருக்கான் அண்ணா" என்றான் பாபு. பாபு எங்கள் ஒர்க்‌ஷாப் வெல்டர். எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் தொழிலில் இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லையென்றால் அது ஆக்ஸிடென்ட் வண்டி. வேறு அர்த்தமே கிடையாது.

இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ செத்துக் கிடந்தது. போட் எலக்ட்ரீஷியன் ஒருவர் காயிலைப் புதிதாகச் சுற்றி உயிர் கொடுத்தார். டயர்தான் பெரும்பாடு. அமெரிக்காவில் ஒரே ஒரு ஆளிடம் இருந்தது. "எந்தப் பக்கத்துக்கு, இடதா வலதா?" என்று கேட்டு அவர் ஹசீனாவுக்கு மெசேஜ் போட்டார்.

"டயர்ல என்னம்மா இடதும் வலதும்? செருப்பா விக்கிறான்? ரெண்டு அனுப்பச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

வந்தது பார்த்தால் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திருப்பி அனுப்ப நாள் இல்லாததால் பெரிசு இருந்த இடத்தில் பெரிசையும், சிறிசு இருந்த இடத்தில் சிறிசையும் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினேன்.

3. வலம் வராத வண்டி

எந்த வண்டியைக் கட்டி முடித்தாலும் எனக்கு ஒரு முறை உண்டு. சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, முதல் ஓட்டமாக மூன்று முறை வலம் வரவேண்டும். பிறகுதான் ரோடு. கிடங்கு முற்றம் அதற்குத் தோதான இடம். ஹசீனா இதற்கெல்லாம் மறுப்புச் சொல்பவர் இல்லை. "உங்க வழக்கம் உங்களுக்கு" என்று நகர்ந்து நின்றார்.

நான் உள்ளே உட்கார்ந்தேன். மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் தள்ளினார்கள். இன்ஜின் பிடித்துக்கொண்ட சத்தத்தில் தெருவில் மேய்ந்த ஆடுகள் நாலாபக்கமும் ஓடின. அடடா, என்ன சத்தம் அது! உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷத்தோடு ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தேன். வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்ச் சுக்குச் சாக்கில் முட்டி நின்றது.

மறுபடி முயன்றேன், மறுபடியும் சாக்குதான். சத்தார் சாயா கிளாஸோடு பார்த்துக்கொண்டிருந்தார். "செல்வா, இன்ஜினுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது, கேட்டியா" என்று மட்டும் சொன்னார். அந்த இன்ஜின் போய்ச் சேரவேண்டிய இடத்தை அவர் முடிவே செய்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். இடது ஸ்பிரிங்குக்கு அடியில் தகடு கொடுத்து உயர்த்தினேன். ஸ்டியரிங் ராடை நீட்டினேன், குறைத்தேன். ஒரு நாள் கொஞ்சம் திரும்பியது போலிருக்கும், மறுநாள் அதுவும் இருக்காது. என் மண்டையில்தான் கோளாறோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் பழியை முன் அச்சின்மேல் போட்டேன். அது வளைந்திருக்கிறது, பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தவேண்டும் என்று முடிவு செய்தேன்.

பாபு தயங்கினான். "அண்ணா, சூடாக்கி ஒடஞ்சு போனா வேற கிட்டாதே. அமெரிக்காக்காரனும் அச்சு இல்லன்னு சொல்லிட்டான்."

ஹசீனா அந்த அச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. "வேற வழி இல்லைன்னா செய்யுங்க அண்ணா. உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பயத்தைத்தான் கொடுத்தது.

4. குறுக்கே நின்ற லாரி

அச்சைக் காய்ச்ச கேஸ் சிலிண்டரை உள்ளே கொண்டுவர முடியவில்லை, வண்டியை நகர்த்தவேண்டும் என்றான் பாபு. எப்போதும் வலது பக்கமாகத்தான் தள்ளுவோம். அதற்கு நாலு பேராவது வேண்டும், மூச்சு முட்டும். அன்று அந்தப் பக்கம் மிளகு லாரி குறுக்கே நின்றது. சரி, இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவோம் என்று நானும் பாபுவும் மட்டும் கை வைத்தோம்.

வெண்ணெய் மாதிரி போனது. ஸ்டியரிங்கை யாரும் தொடவில்லை. தானாக இடது பக்கம் வளைந்து, முற்றத்தை அழகாக ஒரு வட்டம் அடித்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். விருதுநகர்க்காரனுக்குச் செக்கு தெரியாமல் இருக்குமா? செக்கு மாடு ஒரே பக்கமாகச் சுற்றிப் பழகியது. மறுபக்கம் ஓட்டினால் அடித்தாலும் நகராது. அதற்காக மாட்டுக்கு நோய் என்று யாராவது ஊசி போடுவார்களா?

"பாபு, கேஸே வேண்டாம்டா! இது செக்கு மாடுடா!"

ஹசீனா போனில் தேடி, அந்தக் கால அமெரிக்க ரேஸ் வீடியோ ஒன்றைப் போட்டார். வட்டமான மண் தரை. எல்லா வண்டியும் இடது பக்கம், இடது பக்கம், இடது பக்கம். ஒரு வண்டிகூட வலது பக்கம் திரும்பவில்லை. தாழ்ந்த ஸ்பிரிங், பெரிய டயர், தள்ளி உட்கார்ந்த இன்ஜின் எல்லாம் அதற்காகச் செய்ததுதான். ஆக்ஸிடென்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

"பின்ன நாம எதுக்கு அண்ணா இவ்வளவு நாள் வலத்தோட்டு திருப்பினோம்?" என்று கேட்டார் ஹசீனா.

"சாமிக்கும்மா" என்றேன். சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுத்த தகட்டையெல்லாம் ஒவ்வொன்றாக உருவி எறிந்தேன்.

5. மைதானத்தில்

கண்காட்சியில் மற்ற வண்டிகள் எல்லாம் வலமாகச் சுற்றின. எதிரே வந்தால் மோதும் என்பதால், எல்லாம் முடிந்தபிறகு எங்களுக்குக் காலி மைதானத்தைக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில் மட்டும்தான். முதல் ஓட்டத்தை இப்படி நான் செய்ததே இல்லை.

ஹசீனா தலையை மூடிய தட்டத் துணியின்மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தானே உட்கார்ந்தார். மைதானத்தில் புல் ஈரமாக இருந்தது. நானும் பாபுவும் தள்ளியும் இன்ஜின் பிடிக்கவில்லை. பெங்களூர்க்காரர் ஸ்பேனர் பையோடு ஓரமாக நின்றார். "போதும் செல்வா, விடு" என்று சத்தார் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ முண்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பின்னால் தோளைக் கொடுத்தார். ஏன் என்று அப்போது புரியவில்லை, இப்போதும் சரியாகப் புரியவில்லை. தங்கை தோற்பதை அருகிலிருந்து பார்க்க முடியவில்லையோ என்னவோ.

இன்ஜின் உறுமிப் பிடித்தது. வண்டி கையைவிட்டுப் பாய்ந்தது. முதல் வளைவில் இடது பக்கம் சாய்ந்து வழுக்கிக்கொண்டு திரும்பிய அழகில் நான் வாய்விட்டுக் கத்தினேன். ஒரு சுற்று முடிந்தது. ஹசீனா நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று, இன்னொன்று.

மெக்கானிக் தம்பிகளே, இந்தத் தொழிலில் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கோணலைக் கண்டதும் கேஸைப் பற்ற வைக்காதீர்கள். முதலில் கையால் தள்ளி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உங்கள் வழக்கம் வண்டிக்குத் தெரியாது.

அண்ணன் தங்கை தீர்மானம் தெரியாத பெங்களூர்க்காரர் சத்தாரிடம் வந்து, "இன்ஜினை இங்கேயே இறக்கிடலாமா, கிடங்குக்குப் போயா?" என்று கேட்டார்.

சத்தாருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, தோளெல்லாம் கிரீஸ். அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த இன்ஜின்? ஞான் தள்ளி ஓட்டின வண்டியாக்கும் அது. நீங்க ஊருக்குப் போங்க."